சம்பந்தியோடு மூன்று மலை

என் மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்த சமயத்தில், மூன்று மாதத்துக்குள் மூன்று மலை ஏறினேன். திண்டுக்கல்லிலேயே பிறந்து வளர்ந்தும், அதற்கு முந்தி மலைக்கோட்டையில் ஒரே ஒரு தடவைதான் ஏறியிருந்தேன். ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப் போனார்கள். அந்த வருஷத்தோடு என் படிப்பும் நின்றது, மலையும் நின்றது.

எனக்குப் பிரியாணிக் கடையில் அடுப்படி வேலை. அரிசி களைவது, விறகு தள்ளுவது, தம் போட்டதும் மூடிமேல் கங்கு அள்ளிப் போடுவது. சாப்பிட வருகிற யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அது எனக்குச் சௌகரியம். புது ஆளிடம் பேச வேண்டும் என்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். என் நிக்காஹில் சம்மதமா என்று ஹஜ்ரத் மூன்று முறை கேட்ட பிறகுதான் எனக்குச் சத்தம் வந்ததாம். என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

மாப்பிள்ளை வீடு ஒட்டன்சத்திரம். அவருடைய அத்தா அங்கே காய்கறிச் சந்தையில் எடை போடுகிறவர். நல்ல குடும்பம், எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ரம்ஜானுக்கு முந்தியே கல்யாணத்தை வைத்துவிட வேண்டும் என்று சம்பந்தியம்மா பிரியப்பட்டார். என் மகளுக்கோ நர்சிங் கடைசி வருஷம். பரீட்சை ரம்ஜானுக்குப் பிறகு.

“அத்தா, கல்யாணத்தை முடிச்சுட்டு பரீட்சைன்னா, அப்புறம் அது நடக்காது. நம்ம தெருவுலயே ரெண்டு பேரு பாதியில நிக்கிறாங்க. பரீட்சைக்குப் பெறகு வச்சுக்கலாம்னு நீங்க கேளுங்க” என்றாள்.

“அம்மா கேக்கட்டுமேம்மா.”

“அம்மா கேட்டா சண்டையில முடியும். நீங்க கேட்டாத்தான் மரியாதையா இருக்கும்.”

சமையல்கட்டிலிருந்து என் மனைவி, “கேக்கணும்ல? அதுக்கு வாயத் தொறக்கணும்ல?” என்றாள்.

ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் சனிக்கிழமை விடுமுறை. அப்படி ஒரு சனிக்கிழமை, எனக்குச் சாயங்காலம்தான் வேலை என்று வீட்டில் இருந்தபோது, சம்பந்தி தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை நிறைய முருங்கைக்காய். டீ குடித்தார். “மழை இல்லீங்க” என்றார். “ஆமா” என்றேன். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே கதவுக்குப் பின்னால் மகள் நிற்பது தெரிந்தது. ஜன்னல் வழியாக மலைக்கோட்டைப் பாறை தெரிந்தது. அறையை விட்டுத் தப்பித்தால் போதும் என்று, “மலைக்குப் போயிட்டு வருவமா சம்பந்தி?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தம் வேட்டியைப் பார்த்தார். “போலாமுங்க” என்றார்.

மணி பதினொன்று. மலைக்கோட்டை என்பது ஒரே மொட்டைப் பாறை. அதில் படி வெட்டியிருக்கிறார்கள், படியும் பாறைதான். வெயிலில் எங்கள் அடுப்புக்கல் மாதிரி காய்ந்திருந்தது. சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டினார். பாதியில் நின்று, “நல்ல காத்துங்க” என்றார். காற்று இல்லை, அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். மேலே கோட்டைச் சுவர் நிழலில் காதலர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்ததும் ஒரு ஜோடி எழுந்து இடம் கொடுத்தது. சிரித்தபடிதான் போனார்கள்.

சொல்ல வேண்டியதை மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ‘சம்பந்தி, ஒரு விஷயம், மக பரீட்சை எழுதணும்ங்கிறா.’ அவ்வளவுதான். ஒரு வரி.

“சம்பந்தி” என்றேன்.

“சொல்லுங்க.” முகத்தை முழுசாக என் பக்கம் திருப்பிவிட்டார்.

“அந்தா தெரியுதுல்ல, அதுதான் சிறுமலை” என்றேன்.

நீலமாக நீண்டு கிடந்த மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அடுத்த தடவ அங்க போலாமுங்களா?” என்றார்.

“போவோம்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள், “கேட்டீங்களா அத்தா?” என்றாள்.

“சிறுமலையில கேக்குறேம்மா.”

அடுத்த மாதம் முதலாளியிடம் ஒரு சனிக்கிழமை லீவு கேட்டேன். இத்தனை வருஷத்தில் லீவே கேட்காத ஆள், மலைக்குப் போகக் கேட்கிறேன் என்றதும் அவர் பயந்துவிட்டார். “என்னப்பா, வீட்ல எதுவும் பிரச்சனையா?” என்று கேட்டார். அன்றைக்கு விடியற்காலையில் முதல் சட்டிக்கு மட்டும் வேலை செய்துவிட்டுக் கிளம்பினேன்; இரண்டு பிரியாணிப் பொட்டலமும் கட்டிக் கொடுத்தார்.

சிறுமலைக்குப் பஸ்ஸில் பதினெட்டு வளைவு. ஆறாவது வளைவில் சம்பந்தி பேச்சை நிறுத்தினார். பத்தாவதில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டார். இறங்கி வெள்ளிமலைப் பாதையில் நடந்தோம். மரநிழல், ஈரமண், குளிர்ச்சியான இடம்தான். அப்போது அது எதுவும் என் மனசில் ஏறவில்லை. எனக்கு ஒரு யோசனை இருந்தது. சாப்பிடும்போது கேட்டுவிட வேண்டும். வாய் நிறையச் சோறு இருக்கும்போது யாரும் சட்டென்று முடியாது என்று சொல்ல முடியாது.

மேலே ஒரு பாறையில் உட்கார்ந்தோம். கீழே சமவெளி, கட்டம் கட்டமாகத் தோட்டம், நடுவில் எங்கள் மலைக்கோட்டை ஒரு சின்னக் கல்லாகத் தெரிந்தது. பொட்டலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, “சம்பந்தி” என்றேன்.

“சொல்லுங்க.”

அதற்குள் ஒரு குரங்கு வந்து என் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தூரமாகக்கூடப் போகவில்லை. எதிரே உட்கார்ந்து இலையைப் பிரித்து, கறியை ஒவ்வொன்றாக எடுத்து எறிந்துவிட்டு, சோற்றை மட்டும் அள்ளித் தின்றது. காலையில் நான் களைந்த அரிசி.

“ஏனுங்க சம்பந்தி, அதுக்குச் சீரகச் சம்பா புடிச்சுப் போச்சுங்க” என்று சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. மிச்சமிருந்த ஒரு பொட்டலத்தை இரண்டு பேரும் ஒரே இலையில் வைத்துச் சாப்பிட்டோம். நான் ஒரு கறித்துண்டை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதை என் பக்கம் தள்ளினார். அந்தத் துண்டு நாலு தடவை போய் வந்தது. கடைசியில் அவர் அதைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் வைத்தார். இவ்வளவு நல்ல மனுஷனிடம் போய்க் கல்யாணத்தைத் தள்ளிவையுங்கள் என்று எப்படிக் கேட்பது?

“அடுத்தது எங்க பக்கம் கொண்டரங்கி மலைங்க. உங்களுக்கு மலைன்னா உசுருன்னு எங்கூட்டுல சொல்லி வச்சிருக்கேனுங்க” என்றார்.

கொண்டரங்கிக்குக் கிளம்புகிற அன்றைக்கு நிலைமை முற்றிவிட்டது. திங்கட்கிழமை பள்ளிவாசல் ஜமாஅத்தில் மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத் தேதியை எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். மகள் வாசல்வரை வந்தாள்.

“அத்தா, இதுதான் கடைசி மலை.”

அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டே கிளம்பினேன்.

அந்த மலை நெல் குவித்த மாதிரி கூம்பாக நிற்கும். படி என்று பாறையில் கொத்தி வைத்திருப்பது குதிகால் வைக்கத்தான் காணும். பிடித்து ஏற இரும்புக் கம்பி. நான் முன்னால், சம்பந்தி பின்னால். பாதியில் பின்னால் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால், கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இறங்கி வந்து காலை நீவிவிட்டேன். அவர் தண்ணீர் குடித்தார். பிறகு கும்பிடாத குறையாகக் கேட்டார்.

“ஏனுங்க சம்பந்தி, நெசமாச் சொல்லுங்க. இன்னும் எத்தனை மலை வச்சிருக்கீங்க?”

“நானா?”

“உங்களுக்குப் பிரியமாச்சேன்னு வாரேனுங்க. மலைக்கோட்டை ஏறுன அன்னைக்கு ராத்திரி பூரா முட்டிக்கு எண்ணெய் தேச்சாங்க எங்கூட்டுல. சிறுமலைக்கு அப்புறம் ரெண்டு நாளு சந்தைக்கே போவலீங்க.”

“எனக்கு மலையே புடிக்காது சம்பந்தி” என்றேன். அவரிடம் நான் நிறுத்தாமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அது வெளியே வந்ததும் அடைப்பு எடுத்த மாதிரி பின்னாலேயே மற்றதும் வந்துவிட்டது. “எம் மக பரீட்சை எழுதி முடிக்கட்டும்னு உங்ககிட்ட கேக்கத்தான் வந்தேன். கல்யாணத்த அதுக்குப் பெறகு வச்சுக்கலாமா? மூணு மலையிலயும் இதைக் கேக்கத்தான் ஏறுனேன்.”

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

“இதை அன்னிக்கு டீ குடிக்கறப்பவே கேட்டிருக்கலாமுங்களே!”

“வரலையே சம்பந்தி.”

“எனக்குச் சரிங்க. படிச்ச புள்ள, எழுதட்டும். ஆனா எங்கூட்டுல நான் சொன்னா எடுபடாதுங்க. நீங்களே சொல்லிருங்க” என்று சொல்லிக்கொண்டே நம்பரை அழுத்தி, போனை என் காதில் வைத்துவிட்டார். அந்த உயரத்தில் சிக்னல் ரொம்ப நன்றாகக் கிடைத்தது.

“ஏனுங்க, மலை ஏறியாச்சுங்களா?” என்றது சம்பந்தியம்மா குரல். இதுவரை அவரிடம் நான் சலாம் சொன்னதற்கு மேல் பேசியதில்லை. முன்னால் பாறை, பின்னால் பள்ளம். ஓடுவதற்கு இடமில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நாலு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்க்காமலே, ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

“பரீட்சை எப்ப முடியுதுங்க?”

சொன்னேன்.

“இதைக் கேக்கவா ரெண்டு பேரும் மலை மலையாத் திரிஞ்சீங்க? சரி, எழுதட்டும். ஆனா முடிஞ்ச பத்தாம் நாள் கல்யாணமுங்க. அப்ப வந்து இன்னொரு மலை பாக்கியிருக்குதுன்னு ரெண்டு பேரும் கெளம்பக் கூடாது, ஆமா.”

உச்சிக்குப் போகவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினோம். கீழே ஒரு கடையில் டீ குடித்துவிட்டு மகளுக்குப் போன் போட்டேன். “எழுதும்மா” என்றேன். என் மனைவி போனை வாங்கி, “யாரு, நீங்களா கேட்டீங்க?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

மகள் பரீட்சை எழுதினாள். சொன்னபடி பத்தாம் நாள் கல்யாணம் நடந்தது. பாஸும் செய்து, இப்போது ஒட்டன்சத்திரத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள்.

மலை பிடிக்காது என்ற விஷயத்தை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை லீவும் எண்ணெயும் வீணான பிறகு அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருந்தது. பக்ரீத் விருந்துக்குச் சம்பந்தியோடு வந்த மாப்பிள்ளை எனக்கு ஒரு பெட்டி, அவர் அத்தாவுக்கு ஒரு பெட்டி கொடுத்தார். திறந்தால், மலை ஏறுகிற பூட்ஸ். அடிப்பகுதி டிராக்டர் டயர் மாதிரி இருந்தது.

“மாமா, அடுத்த மாசம் கொல்லிமலை. உங்க ரெண்டு பேருக்காகவே வண்டி சொல்லிட்டேன்” என்றார்.

சம்பந்தி என்னைப் பார்த்தார். நீங்கள் சொல்லுங்கள் என்று கண்ணைக் காட்டினார். நான் வாயைத் திறந்தேன்.

“சந்தோஷம் மாப்ள” என்றேன்.