புத்தரின் இடது கண்

காலை ஆறு இருபது. புத்தருக்கு இடது கண் இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு எங்கள் ஊர் புத்தர் மன்றத்துக்குள் நுழைந்ததும் நான் பார்த்தது அதைத்தான். வலது கண் எப்போதும் போலப் பாதி மூடியிருந்தது. இடது இமை இருந்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். சிலையின் மடியில் சிமெண்ட் துணுக்குகள் சிதறிக் கிடந்தன. எதிரே ஸ்டூலில் உளியோடு மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு வயதான பெண் நின்றிருந்தார்.

அவரை எனக்கு நன்றாகத் தெரியும். மன்றத்தை ஒட்டிய லைன் வீடு அவருடையது. தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய அந்த வரிசை வீடுகளில்தான் நானும் பிறந்தேன். எழுபத்தைந்தைத் தாண்டியவர். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. சிலையைச் செய்தவர் அந்தக் கணவர் என்பது ஊரறிந்த செய்தி.

அன்று புத்தர் பிறந்த வைசாக பௌர்ணமி. பத்து மணிக்குப் பெங்களூரிலிருந்து பிக்கு ஒருவர் வருவதாக இருந்தது. சிலையின் வரலாற்றைப் பற்றி நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும். கூட்டம் சேருவதற்குள் காலை வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து சீக்கிரமாகவே வந்திருந்தேன்.

"கைய வுடும்மா. உளி தவறி எங்கியாவது பட்டுடும்" என்றார் மேஸ்திரி. பங்காருபேட்டைக்காரர். தெலுங்கு கலந்த தமிழ்.

"படட்டும். யாரக் கேட்டு இதுல கைய வெச்ச?"

"செக்ரட்டரி சொன்னாரு, செஞ்சேன். ஒரு கண்ணு பெருசு, ஒரு கண்ணு சின்னது. போட்டோவுல நல்லா வர்லியாம். சமமாக்கச் சொன்னாரு."

"ஒம் மூஞ்சி சமமா கீதா? இரு, அதையும் செதுக்கிடறேன்."

மன்றச் செயலாளர் எனக்குப் பின்னாலேயே ஓடி வந்தார். நாற்பது வயது. வாரத்தில் ஆறு நாள் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். ஏழாவது நாளை மன்றத்துக்குக் கொடுக்கிறவர். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கூரை ஒழுகினால் தன் கையால் தார் பூசுகிற மனிதர்.

"பெரியம்மா, இன்னா இது? எட்டு மணிக்குள்ள வேலை முடியணும். பெயிண்ட் வேற அடிக்கணும்."

"அந்தக் கண்ணு அப்டித்தான் இருக்கணும். எனக்குத் தெரியும். நான் போட்டது அது."

செயலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரியவர்களுக்கு நினைவு குழம்பும்போது பக்கத்திலிருப்பவரைப் பார்த்து நாம் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

"பெரியப்பா செஞ்சாரு பெரியம்மா. பேப்பர்லயே வந்துகீதே." சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த செய்தித் துண்டைக் காட்டினார். "மேடம் எழுதினதுதான். அவங்களே நிக்கறாங்க, கேட்டுக்கோ."

ஒற்றைப் பத்தி, பதினொரு வரி. மேலே படம்: தாடி வைத்த ஒரு மனிதர் புத்தரின் தோளில் கை வைத்து நிற்கிறார். சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், செய்தி அனுப்பிப் பழகிய புதிதில், பெங்களூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு நான் அனுப்பியது. அதை வைத்துத்தான் என்னை நிருபர் வேலைக்கு எடுத்தார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள்.

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் செய்தித் துண்டைப் பார்க்கவில்லை. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நிஜமாவா?" என்று கேட்டேன்.

"நீ கேக்கற பாரு இப்போ" என்றார். கோபம் இல்லை. வியப்பு மாதிரி இருந்தது.

எந்தச் செய்தியிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'யார்' என்பதுதான். பின்னாளில் எத்தனையோ இளைஞர்களுக்கு அதை நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தச் செய்தியை எழுதிய அன்று என் குறிப்பேட்டில் இருந்தவை அவர் கணவரின் பெயர், வயது, எந்த ஷாஃப்ட், எந்த ஷிப்ட், எத்தனை மாதம் ஆனது. எல்லாக் கேள்வியையும் அந்தக் கணவரிடமே கேட்டேன். 'செய்தது யார்' என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. காரணமும் இருந்தது. சிலையின் பீடத்தில், பின்பக்கம், சுரங்கத்தில் அவருக்குத் தந்திருந்த டோக்கன் நம்பர் கீறியிருந்தது. 'தன் டோக்கன் எண்ணையே கையொப்பமாகப் பொறித்திருக்கிறார் இந்தத் தொழிலாளி' என்று முடித்திருந்தேன். அந்த வரியை ஆசிரியர் பாராட்டினார்.

"பின்னாடி நம்பர் இருக்குதேக்கா" என்றேன்.

"நான்தான் கீறினேன். குடத்துல, பக்கெட்ல, முறத்துல எல்லாத்துலயும் அவரு நம்பர்தான போடுவோம்? பைப்படியில மாறிப் போவக்கூடாதுன்னு. இது வெளிய காஞ்சிகினு இருந்துச்சு. எவளாச்சும் தூக்கிகினு போயிட்டா?"

"புத்தர எவ தூக்குவா பெரியம்மா?" என்றார் செயலாளர்.

"அப்போ அது புத்தர் இல்ல. தலை வெக்கல. துவைக்கற கல்லுன்னு நெனச்சி ஒருத்தி துணியே கொண்டாந்துட்டா."

மேஸ்திரி சத்தமாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சாப்பிட்டு வளர்ந்த அலுமினியத் தட்டின் விளிம்பில் என் அப்பாவின் நம்பர் குத்தியிருந்தது. எங்கள் வீட்டுக் குடத்தில், அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டில், ரேஷன் பையில் எல்லாவற்றிலும் அந்த நம்பர்தான். அது கையொப்பம் இல்லை, 'இன்ன வீட்டுச் சாமான்' என்பதற்கான அடையாளம் மட்டுமே என்று லைனில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வெளியூர் நிருபர் ஒருவர் வந்திருந்தால் 'இது என்ன நம்பர்' என்று கேட்டிருப்பார். உள்ளூர்க்காரியான நான் கேட்கவில்லை.

காமிராவைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

மேஸ்திரி எழுந்துவிட்ட ஸ்டூலில் அந்த அம்மாளை உட்காரச் சொல்லி விவரம் கேட்டேன். அவர் உட்காரவில்லை. சிலையின் முழங்காலில் கை வைத்து நின்றபடியே சொன்னார்.

"பகல் ஷிப்ட் வாரத்துல அவரு கேஜ்ல ஏறி சுரங்கத்துக்குள்ள எறங்கற நேரத்துக்கு நான் உளிய எடுப்பேன். ரெண்டாவது ஷிப்ட்னா மத்தியானத்துக்கு மேல. நைட் ஷிப்ட் வாரம் வந்தா மட்டும் தட்டக் கூடாது. பகல்ல தூங்கறாரில்ல. அவரு மட்டுமா? லைன்ல எந்நேரமும் எவனாச்சும் ஒருத்தன் தூங்கிகினுதான் இருப்பான். அந்த வாரத்துல சத்தமில்லாத வேலை. மணல பழைய பொடவையில சலிச்சி, கையாலயே மூஞ்சி வெச்சேன். ஒரு நாளிக்கு ஒரு பிடி."

"மூஞ்சிக்கு எந்தப் படத்தைப் பார்த்தீங்க?"

"படமா? அவரத்தான் பாத்தேன். வேற யாரு மூஞ்சி அவ்ளோ நேரம் ஆடாம இருக்கும்? எடது பக்கமா ஒருக்களிச்சி தூங்குவாரு. தலவாணி அமுக்கி அந்தக் கண்ணு கொஞ்சம் எறங்கிக்கும். அதான் அது."

மேஸ்திரி உளியைத் தரையில் வைத்தார்.

ஞாயிறு மலருக்காக வருடக்கணக்கில் ஓவியக் கண்காட்சிகளுக்குப் போயிருக்கிறேன். தலை வாருகிற பெண், தண்ணீர் சுமக்கிற பெண், படுத்துத் தூங்குகிற பெண். மூலையில் ஓர் ஆணின் கையெழுத்து. தூங்குகிற பெண்ணின் படத்துக்கு முன்னால் நின்று நிறத்தைப் பற்றியும் ஒளியைப் பற்றியும் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறேன். ஒருமுறை, உலகெங்கும் பெயர் தெரியாமல் போன பெண் கலைஞர்களைப் பற்றி முழுப் பக்கம் ஒன்றைத் தயாரித்தேன். பானையில் கோடு இழுத்தவர்கள், கம்பளம் நெய்தவர்கள், அப்பாவின் பட்டறையில் வரைந்து அப்பாவின் பெயரில் விற்கப்பட்டவர்கள். எங்கெங்கோ தேடித் தகவல் சேர்த்தேன். அந்தப் பக்கத்துக்கு நிறையக் கடிதங்கள் வந்தன.

சுவரில் மாட்டியிருந்த என் செய்தியின் படத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் அனுப்பிய படம் சட்டத்தில் இருப்பதைவிட அகலமானது. அதன் இடது ஓரத்தில் ஒரு பெண் பாதியாகத் தெரிந்தாள். முழங்கை வரை கையில் சாம்பல். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து நிற்கிறாள் என்று நினைத்தேன். ஒற்றைப் பத்திக்கு அந்த அகலம் பொருந்தாது. பத்திரிகை மேசைக்கு வேலை வைக்க வேண்டாம் என்று, படத்தின் பின்பக்கம் நீலப் பென்சிலால் கோடு போட்டு 'இங்கே வெட்டவும்' என்று எழுதி அனுப்பினேன்.

அது சாம்பல் அல்ல.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா?" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அந்தக் கேள்வியின் அநியாயம் எனக்குப் புரிந்தது.

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீ அவராண்ட பேசிகினு இருந்த. அப்பறம் பேப்பர் வந்துச்சி. அவரு சிரிச்சாரு. 'இன்னாடி, ஒன் வேலைக்கு எனக்குக் கூலி குடுத்துட்டாங்க'ன்னாரு. நாளைக்குப் போயி சொல்றேன்னாரு. அப்பறம் கூட வேலை செய்யறவனுங்க எல்லாம் அவரத் தோள்ல தூக்கிகினானுங்க. மைன் மூடனப்பறம் அவருக்கு இன்னா இருந்துச்சி? இருமலும் அந்தப் பேப்பரும்தான். அதப் போயி புடுங்கச் சொல்றியா?"

நான் சட்டத்துக்குள் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"இப்பவும் எனக்கு ஒண்ணும் வேணாம் பாப்பா. பேரெல்லாம் வேணாம். கண்ணு மட்டும் அதே மாதிரி வேணும். இவன் வெச்சா அது அவரு இல்ல."

செயலாளரைத் தனியே அழைத்து, நான் எழுதிய செய்தி தவறு என்று சொன்னேன். அவர் சட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேப்பர்ல வந்தது எப்டி மேடம் தப்பா இருக்கும்?" என்றார்.

"நான்தான் எழுதினேன். தப்பாக எழுதினேன்."

"சரி, இருக்கட்டும். அதுக்காக இப்போ பெரியம்மாவை விட்டு..." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு ஐம்பத்தைந்து. "அவங்க கையப் பாத்தீங்களா? டம்ளரே நிக்காது."

முடிவு செய்தது மேஸ்திரிதான். சிலைக்கு அருகில் போய் வலது இமையில் விரலை வைத்து மெல்லத் தடவிப் பார்த்தார். அப்புறம் வாளியில் தண்ணீர் ஊற்றிக் கலவை போட ஆரம்பித்தார். "எனக்கு வேணாம் சார் இந்த வேலை. கண்ணு விஷயம். அம்மாவே வெக்கட்டும், நான் கலந்து தரேன். கூலி கொறைச்சிக்கோங்க."

"பொடவையில சலி" என்றார் அந்த அம்மாள். மேஸ்திரி தன் தலைத்துண்டை அவிழ்த்து அதில் சலித்தார்.

மணி ஏழு பத்துக்கு அந்த அம்மாள் தொடங்கினார். கை நடுங்கத்தான் செய்தது. முதல் பிடி விழுந்துவிட்டது. இரண்டாவதையும் வழித்துப் போட்டார். மூன்றாவதை வைத்தபோது இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு கட்டைவிரல் மட்டும்தான் அசைந்தது, கீழிருந்து மேலே அல்ல, மேலிருந்து கீழே. கரண்டிக் காம்பால் ஒரே ஒரு கோடு. அளவு பார்க்க வலது கண்ணை அவர் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. பதினொரு நிமிடம் ஆனது.

அவர் விலகியதும் நாங்கள் மூவரும் பார்த்தோம்.

"பெரியம்மா, முழுசா மூடிப்போச்சே" என்றார் செயலாளர்.

"ஆமா."

"அந்தப் பக்கம் பாதி தெறந்துகீது."

"தெரியுது."

"அதே மாதிரி வேணும்னு நீதான சொன்ன?"

அவர் வாளியில் கையை விட்டு அலம்பினார். ஒவ்வொரு விரலாகத் தேய்த்தார். "அதே மாதிரிதான் வெக்கப் பாத்தேன். கை அதுக்குப் போவல. அது அவரு தூங்கறப்ப பாத்தது. இது ஆஸ்பத்திரியில நான் மூடிவுட்டது."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். செயலாளர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி உளியையும் கரண்டியையும் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

பிக்கு பத்து ஐந்துக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சிலையின் முன்னால் மூன்று முறை விழுந்து வணங்கினார். இடது கண்ணின் சிமெண்ட் அப்போதும் ஈரமாக இருந்தது.