பம்பில் மிச்சம் எட்டு

எங்கள் ஆஸ்பத்திரியின் மூச்சிரைப்புப் பிரிவில் அந்த ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர் மீட்டர். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுவது அவன் உத்தியோகம். போவதாகத்தான் பேச்சு. நாய் இருக்கும் வீடு, மூன்றாம் மாடி வீடு எல்லாவற்றுக்கும் டீக்கடையில் உட்கார்ந்தே உத்தேசமாக ஓர் எண்ணை எழுதிவிடுவான். இதை என்னிடமே பெருமையாகச் சொன்னான், ஏதோ பெரிய சாமர்த்தியம் போல. கசங்காத சட்டை, பையில் இரண்டு பேனா, ஊருக்கே புத்தி சொல்லும் வாய். காத்திருக்கும் அம்மாக்களிடம் நேரம் தவறாமல் மருந்து கொடுப்பது எப்படி என்று பாடம் எடுப்பான்.

அவன் மகளுக்கு ஏழு வயது. அம்மாக்காரி விடியுமுன்னே பிஸ்கட் கம்பெனிக்குப் போய் இருட்டிய பிறகே வருவதால் மூச்சுக்கு மருந்து உறிஞ்சும் பம்பு இவன் பொறுப்பு. காலையில் இரண்டு அழுத்து, மாலையில் இரண்டு. மூச்சு நன்றாக இருக்கிற நாளிலும் விடக்கூடாது. பம்பின் முதுகில் நூற்றிருபதில் தொடங்கும் எண், ஒவ்வொரு அழுத்துக்கும் ஒன்று குறையும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்து எழுதுகிற நர்ஸ் நான்.

மற்ற வீட்டுப் பம்புகளில் முப்பது, நாற்பது மிச்சம் இருக்கும். வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். மீட்டர் கொண்டுவருவதில் எட்டு, ஒரு வேளைகூடத் தவறாதவர்களுக்கு வரவேண்டிய கணக்கு. மாதா மாதம் எட்டு, பிசகே கிடையாது. காய்ச்சல், கல்யாணம், வெளியூர் எதுவுமே இல்லாத குடும்பம் உலகத்தில் உண்டா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நானோ இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எண் சரியாக இருந்தது, பிள்ளைதான் சரியாக இல்லை. இரண்டு முறை உதடு நீலம் பூத்து அவசரப் பிரிவுக்கு வந்தாள். முழு மருந்தும் உள்ளே போயும் கேட்கவில்லை என்றால் பலமான மாத்திரைதான் வழி என்றார் டாக்டர். அதை மாதக்கணக்கில் விழுங்கினால் பிள்ளையின் வளர்த்தி நின்றுபோகலாம். அவள் ஏற்கெனவே வயதுக்குக் குள்ளம். அப்பன் யோசிக்கவே இல்லை, தலையாட்டிவிட்டான்.

மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுக்குமுன் பிள்ளை பம்பை எப்படிப் பிடிக்கிறாள் என்று ஒருமுறை பார்க்கச் சொன்னார் டாக்டர். முதல் நாள் நான் செய்முறை காட்டியபோது அவள் அப்பன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நானும் கேட்டதில்லை. இப்போது அடுத்த மாதத்துக்கான புதுப் பம்பைக் கையில் கொடுத்து, வீட்டில் செய்கிற மாதிரி செய்து காட்டச் சொன்னேன்.

பிள்ளை நேராக ஜன்னலுக்குப் போனாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டி டஸ், டஸ் என்று அழுத்திக்கொண்டே போனாள். நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் ஒன்பது போய்விட்டது.

"இங்க வர்ற அன்னிக்குக் காலையில அப்பா இப்படித்தான் அடிப்பாரு சிஸ்டர். கடைசிப் பத்து மட்டும் என்னை அடிக்க விடுவாரு."

மீட்டருக்கு முகம் செத்துப்போனது. அப்போதும் வாய் ஓயவில்லை. "தினமும் குடுத்தா பழக்கமாயிடும்னு சொன்னாங்க. நீங்க திட்டக் கூடாதேன்னுதான் எண்ணைச் சரி பண்ணேன்."

என் திட்டுக்குப் பயந்து பெற்ற பிள்ளையின் மருந்தைத் தெருவுக்குக் கொடுத்த ஆம்பளை. அருவருப்பாக இருந்தது. அவனை ஒதுக்கிவிட்டு, மருந்து உறிஞ்சும் குழாயைப் பம்பில் மாட்டி அவள் வாயில் வைத்தேன்.

"இது வாயில வைக்கிறதா சிஸ்டர்?" என்றாள்.

டாக்டர் மாத்திரைச் சீட்டைக் கிழித்துப் போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பதினோரு மாசமா இந்தப் பிள்ளையை யார் பாத்தது?"

மீட்டர் விரலை நீட்டி என்னைக் காட்டினான். எட்டு, எட்டு என்று நான் எழுதிய நோட்டை டாக்டர் முன் எடுத்து வைத்தேன்.