அத்தை தூங்க வைத்த கொடி

இதனால் வெள்ளிமலைப் பொதுமக்களுக்கும், கடைக்காரர்களுக்கும், முக்கியமாக ஆடுகளுக்கும் அறிவிப்பது என்னவென்றால், சரோஜா அத்தை வீட்டுத் திராட்சைக் கொடியில் மூன்று இலைகள் துளிர்த்துள்ளன. அருகில் வரும் ஆடுகள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.

அத்தை இருந்திருந்தால் இதை அவரே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருப்பார். இன்னொரு செய்தி உங்களுக்கே தெரியும். போன மாதம் பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் மலை ஏறிக்கொண்டிருந்தபோது எனக்கு அது போனில் வந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா பேசினார். "அத்த போயிட்டாங்கடா" என்றார். வழியெல்லாம் கத்திக்கொண்டு வருகிறவன் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்துக் கண்டக்டர் பக்கத்தில் வந்து, "இன்னாப்பா, ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டார்.

அத்தை எங்களுக்குப் பக்கத்து வீடு. உறவு எதுவும் இல்லை. கனடாவில் மகன் வீட்டில் சில வருடங்கள் இருந்தவர். அங்கே அடுத்த வீட்டில் ஓர் இத்தாலிக்காரத் தாத்தா, அந்தக் கொட்டும் பனியிலும் திராட்சை வளர்த்து ஒயின் போடுவாராம். அவர் பேச்சு அத்தைக்குப் புரியாது, அத்தை பேச்சு அவருக்குப் புரியாது. ஆனாலும் கையசைப்பிலேயே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, அவர் வெட்டிக் கொடுத்த ஒரு குச்சியைப் பட்டுப்புடவைக்குள் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். கீழே வடக்கனந்தலில் சொந்த வீடு இருந்தும், அந்த வெயில் கொடிக்கு ஆகாது என்று மலைக்குக் குடிவந்தார். அதில் ஒரு குலையாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே ஆசை.

ஊரில் எல்லோரும் கொடி ஏற்றுவார்கள். மார்கழி பிறந்தால் அத்தை மட்டும் கொடி இறக்குவார். பந்தலிலிருந்து அதை அவிழ்த்து, தரையோடு படுக்கவைத்து, மண்ணைப் போட்டு மூடி, மேலே வைக்கோலும் பரப்புவார். கனடாவில் அப்படித்தானாம், இல்லையென்றால் பனி கொன்றுவிடுமாம். எங்கள் அப்பா ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "நம்ம ஊரு குளிருக்கு ஒரு போர்வ போதாதாக்கா?" என்று கேட்டார்.

"உனக்குப் போதும். நீ காய்க்கப் போறதில்ல" என்றார் அத்தை. பிறகு என்னைப் பார்த்து, "தூங்கி எழுந்தாத்தான்டா கொடி காய்க்கும். அங்க பனியே தூங்க வெச்சிடும். இங்க நாமதான் போத்தி வுடணும்" என்றார்.

அது காய்க்கவே இல்லை. அதற்காக அத்தை சும்மா இருந்துவிடவில்லை. சந்தையில் பன்னீர் திராட்சை வாங்கிவந்து ஊறுகாய் ஜாடியில் ஒயின் போட்டார். நம் மலையில் ஊறல் என்றாலே கள்ளச்சாராயமும் போலீஸ் ஜீப்பும்தான் நினைவுக்கு வரும். ஒருநாள் நான் கதவைத் தட்டி, கட்டைக் குரலில், "யாரும்மா உள்ள? ஊறல் போட்டுக்கினு இருக்கீங்களாமே" என்றேன். கதவு நிதானமாகத் திறந்தது.

"வாங்க சார். குரல் ஒடையறதுக்கு முன்னாடியே வேலைக்கி எடுத்துட்டாங்களா உங்கள?"

அன்று மாலை முழுக்க எனக்குத் திராட்சை பிசைகிற தண்டனை. ஒயின் தயாரானதும் ஒரு வாய் கேட்டேன். மீசை முளைத்த பிறகு வரச் சொன்னார். அவர் மட்டும் ஒரு ஸ்பூன் குடித்துவிட்டு, "அந்தாளு பண்றதுல பாதி கூட இல்ல" என்று முகத்தைச் சுளித்தார்.

இந்த மார்கழியிலும் கொடியை மூடினார். பொங்கலுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். பார்க்கப் போனபோது, பொங்கல் கழிந்ததும் கொடியைத் தோண்டிப் பந்தலில் ஏற்றும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். கடைசியாகப் பார்த்தபோது குரல் மிகவும் கம்மியாகியிருந்தது.

"ஏத்திட்டியாடா?"

"ஏத்திட்டேன் அத்த."

"எல வந்துச்சா?"

"மூணு வந்திருக்கு அத்த."

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

காரியம் முடிந்த மறுநாள் தோண்டினேன். தாய்க்கொடியைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. ஆனால் மண்ணுக்குள் கிடந்த ஒரு கிளை தானாகவே வேர் விட்டு, நுனியை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் பந்தல் காலடியில் நட்டிருக்கிறேன். அத்தையிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அதுதான்.

நான் திட்டம் போட்டுப் பதியம் வைத்துக் கொடியைக் காப்பாற்றியதாக இந்த ஒரு வாரமாகத் தெருவெல்லாம் சொல்லித் திரிகிறேன். பாராட்டி டீ வாங்கித் தந்தவர்கள் மன்னிக்கவும். பதியமும் இல்லை, திட்டமும் இல்லை. பொங்கல் கழிந்ததும் கிரிக்கெட் மும்முரத்தில் தோண்ட மறந்துவிட்டேன். அத்தையிடம் சொன்னது பொய்.

மேலே உள்ள அறிவிப்பிலும் ஒரு திருத்தம். இலை இரண்டுதான். மூன்றாவது இன்னும் சுருண்டுகொண்டிருக்கிறது. தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன்.