நாற்பத்துநான்கு ஓம்

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து மின்சார ஆபீசில் பஞ்சநதத்துக்கு ‘வகுத்தல் வாத்தியார்’ என்று பட்டப்பெயர். வோல்ட் மீட்டரும் அம்மீட்டரும் அவர் பையை விட்டு இறங்கியதில்லை. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை, பெருக்கினால் வாட் என்பது அந்த வேலையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். அதற்காகத் தினமும் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்களா என்ன? இவர் பார்ப்பார். பெண்டாட்டி செத்து ஆறு வருஷம், பிள்ளை குட்டி கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லாமல், பல்பையும் இஸ்திரிப் பெட்டியையும் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். பாவம், வேறு என்னதான் செய்வார்?

பகலுக்கு ஓட்டல், ராத்திரிச் சமையல் ஒரு கரண்ட் அடுப்பில். ஒருநாள் அதன் ‘காயில்’, அதாவது சூடேறும் கம்பிச்சுருள், அறுந்துபோயிற்று. புதிது வாங்காமல், கருகிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை முறுக்கிச் சேர்த்தார். சேர்த்த கையோடு அளந்தார். நூற்றுத் தொண்ணூறு வோல்ட்டுக்கு நாலு புள்ளி மூன்று ஆம்பியர். வகுத்தால் நாற்பத்துநான்கு ஓம். கடையில் விற்கும் ஆயிரம் வாட் காயில் என்றால் ஐம்பத்துமூன்று வரும். கம்பி குறைந்ததால் தடை குறைந்து, கரண்டு கூடி, அடுப்பு முன்னைவிடக் கணகணவென்று எரிந்தது. அந்தச் சின்ன சந்தோஷத்தைக்கூட நோட்டிடம்தான் சொல்லிக்கொண்டார்.

மிராசுதார் வைத்தியலிங்கம் வீட்டு பம்புசெட் மோட்டாரைப் பார்க்கப் போனபோதுதான் அவருக்கு ஒரு மனுஷத்துணை கிடைத்தது. “தனியாப் பொங்கித் தின்னு என்னத்துக்குங்க? ராத்திரிச் சாப்பாடு இனிமே நம்ம வீட்டுலதான்” என்றார் மிராசுதார். பஞ்சநதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பதிலுக்கு என்ன கொடுப்பதென்று தெரியாமல், இனி தனக்கு வேண்டாத அந்த அடுப்பையே தூக்கிக்கொண்டுபோய் அங்கே கொடுத்துவிட்டார். இரண்டு வருஷம் அந்த வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டார். பேச்சும் சிரிப்புமாகச் சாப்பிட்டார்.

ஆனால் கூலிக்காக மிராசுதார்களும் விவசாயக் கூலிகளும் மோதிக்கொண்டிருந்த காலம் அது. தெருவுக்குத் தெரு கொடிக்கம்பங்களைப் போட்டிபோட்டு நட்டிருந்தார்கள். மிராசுதார் வீட்டில் கை நனைக்கிறவர் என்று தெரிந்ததும் கூலித்தெருவில் யாரும் பஞ்சநதத்துக்கு முகம் கொடுக்கவில்லை. லைன் பார்க்கப் போனால் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவும் ஆளில்லை. ராத்திரிச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு அதைப் பொறுத்துக்கொண்டார்.

அப்போதுதான் குடியிருப்புச் சட்டம் வந்தது. அடுத்தவர் மண்ணில் குடிசை போட்டிருக்கும் கூலிக்காரருக்கு அந்த மனை சொந்தம் என்றது சட்டம். மிராசுதார் மண்ணில் குடியிருந்தவள் எல்லையம்மாள், நடவு வேலை செய்கிறவள். பட்டா, பத்திரம் எதுவும் இல்லை. குடிசையில் எரிந்த ஒற்றை நாற்பது வாட் பல்புக்கான கரண்ட் அட்டை ஒன்றில்தான் அவள் பெயரும் இடமும் இருந்தன. அந்த அட்டை போனால் மனையும் போகும்.

எல்லையம்மாள் அந்த பல்பு இணைப்பில் திருட்டுத்தனமாகக் கரண்ட் அடுப்பு எரிக்கிறாள், இணைப்பை ரத்துசெய்து அட்டையைப் பிடுங்க வேண்டும் என்று ஆபீசுக்கு மனு வந்தது. விசாரிக்கப் போனவர் நம் வகுத்தல் வாத்தியார். மிராசுதாரும் அவருடைய காரியக்காரர் தங்கையனும் முன்னாலேயே வந்து நின்றிருந்தார்கள். தங்கையன் குடிசைக்குள் போய், விறகுக்கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு காயிலை இழுத்து வெளியே போட்டார்.

“நான் இதக் கண்ணால பாத்ததில்லைங்க!” என்று அலறினாள் எல்லையம்மாள்.

குடிசை பியூசில் ஆபீஸ் வைத்திருந்த அரக்கு முத்திரை உடையாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, பஞ்சநதம் காயிலைப் பக்கத்து பம்புசெட் கொட்டகைக்கு எடுத்துப்போய் மாட்டினார். நூற்றெண்பது வோல்ட். நாலு புள்ளி ஒன்று ஆம்பியர். பெருக்கினால் எழுநூற்று முப்பத்தெட்டு வாட். பிறகு வகுத்தார். வகுத்ததும் கை நின்றுவிட்டது. கணக்கு தப்பாக இருக்கக்கூடாதா என்று இன்னொரு தடவை வகுத்தார். நாற்பத்துநான்குதான். காயிலைப் புரட்டினார். அவர் கை முறுக்கிய முடிச்சு அப்படியே இருந்தது.

மிராசுதார் பக்கத்தில் வந்து, “சட்டுனு எழுதிட்டு வாங்க. இன்னிக்கு விரால் மீன் கொழம்பு” என்றார்.

“இது எங்கேருந்து வந்துதுன்னு ஒங்களுக்குத் தெரியுங்களா?”

“யாரு வீட்டுல எடுத்தமோ அவளைக் கேளுங்க.” கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை மனுஷன். இந்த ஊரில் பஞ்சநதத்திடம் சிரித்துப் பேசிய ஒரே வாய் அது.

கண்டதை மகஜராக எழுதினால் இரண்டு தரப்பும் கேட்க உரக்கப் படித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அதுதான் முறை. எழுதி முடித்துப் படித்தார்.

“இந்தக் காயில் நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. இந்த வீட்டு பியூஸ் இழை ஓர் ஆம்பியர் தாண்டினாலே உருகிவிடும். இழையும் முத்திரையும் போட்டது போட்டபடி இருப்பதால் காயில் இங்கே எரிந்ததில்லை.” மிச்சத்தையும் படித்தார். “இந்தக் காயில் என்னுடையது. இரண்டு வருஷத்துக்கு முன் மிராசுதார் வீட்டுக்கு நான் கொடுத்தது.”

மிராசுதார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போடாமலே போய்விட்டார். தங்கையன் பின்னாலேயே ஓடினார். எல்லையம்மாள் கைநாட்டு வைத்தாள். சரிபார்க்க வாங்கியிருந்த அட்டையைப் பஞ்சநதம் அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். யாராவது ஒருவர் இப்போது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது அவருக்கு.

அவள் அட்டையை மடியில் செருகிக்கொண்டு, “ஒங்க காயிலுன்னா, எங்கூட்டுல கொண்டாந்து வச்சது நீங்கதானுங்களா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. நான் குடுத்தது அவங்களுக்கு.”

“அவங்க வேற, நீங்க வேறயாங்க?” என்றாள். கேட்டுவிட்டுக் குடிசைக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள்.

பஞ்சநதம் மீட்டர்களைப் பையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்தார். வழியில் அரைப்படி அரிசி வாங்கிக்கொண்டார். கதவைத் திறந்து உள்ளே போன பிறகுதான், வீட்டில் அடுப்பு இல்லாதது அவருக்கு நினைவு வந்தது.