நாலு அங்குலத்துக்கு மஞ்சள் அடிச்ச கதை

போன புதன்கிழமை வேலையிலை கையை வெட்டிப்போட்டன்.

பெரிய வெட்டில்லை. பெருவிரலுக்குப் பக்கத்திலை மூண்டு தையல். ஆனால் பதினாலு வருசமாத் தகரத்தோடை மாரடிக்கிறன்... ஒரு கீறல் விழுந்ததில்லை. அண்டைக்குக் கையுறை போட மறந்துபோனன். ஏன் மறந்தன்? மனம் பக்டரி இருக்கிற ஸ்காபரோவிலை இல்லை. டவுன்ரவுணிலை ஒரு பதினோராம் மாடியிலை, மகளின்ரை மேசைக்குப் பக்கத்திலை நிண்டுகொண்டிருந்தது.

போன கிழமை நான் பார்க்கிங் பற்றி எழுதினதுக்குச் சண்டைக்கு வர நினைச்சிருக்கிற ஆக்கள் கொஞ்சம் பொறுங்கோ. இந்தக் கிழமை என்ரை சொந்தப் பிழையை எழுதவேண்டிக் கிடக்கு. எழுதினால்தான் மனம் ஆறும்.

மகள் ஆரணி மெக்கானிக்கல் எஞ்சினியரிங் மூண்டாம் வருசம் முடிச்சவள். கோடைக்கு ஒரு டிசைன் கொம்பனியிலை இன்ரேன்ஷிப். கட்டிடங்களுக்கு ஹீற்றர், ஏசிக் காத்துக் குழாய் எல்லாம் எதாலை போகவேணும் எண்டு படம் கீறிக் குடுக்கிற கொம்பனி. நான் வேலை செய்யிறது அந்தக் குழாயளைத் தகரத்திலை வெட்டி மடிச்சுச் செய்யிற பக்டரியிலை. அவை கீறுற பக்கம், நாங்கள் செய்யிற பக்கம்.

செய்யிற பக்கத்து ஆக்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு. படம் பிழைச்சால் கீறினவனைத் திட்டுறது. ஆளைத் தெரியாது, ஊரைத் தெரியாது... "உதைக் கீறினவன் கண்ணை மூடிக்கொண்டே கீறினவன்?" எண்டு காலமை எட்டு மணிக்கே துவங்கிவிடுவம். அதிலை நான்தான் முன்வரிசை. ஒருக்கா முப்பது துண்டு வெட்டி முடிச்சாப் பிறகுதான் படத்திலை அளவு பிழையெண்டு தெரியவந்தது. முப்பதும் குப்பைக்குள்ளை. அண்டைக்கு நான் திட்டினதை இஞ்சை எழுதினால் எடிட்டர் இந்தப் பக்கத்தையே வெட்டிப்போடுவார்.

ஆரணிக்கு இந்த இடம் கிடைச்சது சிவநேசன் அண்ணையாலை. அண்ணை என்ரை மனுசனின்ரை பழைய சிநேகிதன். இஞ்சை வந்த புதிசிலை சென் ஜேம்ஸ் ரவுணிலை ஒரு அடுக்குமாடியிலை, ஒரே தட்டிலை, எதிரும் புதிருமா இருந்தனாங்கள். இப்ப அவருக்கு ஸ்ரௌவ்வில்லிலை பெரிய வீடு. அந்தக் கொம்பனியிலை இருபது வருசம், சீனியர் டிசைனர். ஆரணி குளிர்காலம் முழுக்கக் கொம்பியூட்டருக்கு முன்னாலை குந்தியிருந்து அப்ளை பண்ணினாள், ஒரு நாய்கூடக் குலைச்சுப் பதில் சொல்லேல்லை. அண்ணை உள்ளுக்கை ஒரு சொல்லுச் சொன்னார். அடுத்த கிழமை இன்ரவியூ.

நான் ரெண்டு பெட்டி மாம்பழத்தோடை ஸ்ரௌவ்வில்லுக்குப் போனன். வேற என்ன செய்யிறது? நன்றியைச் சும்மா வாயாலை சொல்லிப்போட்டு வர எங்கடை ஆக்களுக்குத் தெரியுமோ?

வேலை துவங்கி முதல் ரெண்டு கிழமை பிள்ளைக்கு ஒரு வேலையும் இல்லை. எங்கடை அஜின்கோர்ட் வீட்டிலையிருந்து ஒரு மணித்தியாலம் பஸ், சப்வே எண்டு மாறி மாறிப் போறது, கதிரையிலை இருக்கிறது, திரும்பி வாறது. சும்மா இருந்து சம்பளம் எடுக்கிறது நல்லதுதானே எண்டு நான் சொன்னன். அவள் என்னை ஒரு பார்வை பாத்தாள். ஒவ்வொரு மேசையாப் போய் "ஏதாவது செய்யவோ?" எண்டு கேட்டவளாம். ஒருத்தர் ஸ்ரேப்ளருக்கு ஊசி போடச் சொன்னாராம். மூண்டு வருசப் படிப்பு, ஸ்ரேப்ளர் ஊசி... பிள்ளை இரவுச் சாப்பாட்டிலை கோழிக்காலைப் பிச்ச விதத்திலையே எனக்கு விளங்கிச்சுது.

மூண்டாம் கிழமை சிவநேசன் அண்ணை கூப்பிட்டு ஒரு வேலை குடுத்தார். அது என்னெண்டு கொஞ்சம் சொல்லவேணும், ஏனெண்டால் கதையே அதிலைதான் நிக்குது.

ஒருத்தர் கீறின படத்தை வெளியிலை அனுப்ப முதல் இன்னொருத்தர் சரி பாக்கவேணும். பெரிய தாளிலை பிறின்ற் எடுத்து, ஒவ்வொரு அளவாப் பாத்து, சரியெண்டால் மஞ்சள் மார்க்கராலை அடிக்கிறது. பிழையெண்டால் சிவப்புப் பேனை. ஒரு எழுத்துக்கூட நிறமில்லாமல் இருக்கப்படாது. முடிஞ்சால் மூலையிலை, 'பாத்தது ஆர்' எண்ட பெட்டிக்குள்ளை இனிஷல். அதுக்குப் பிறகு பெரிய எஞ்சினியர் பாத்து முத்திரை குத்துவார். ஆனால் மஞ்சள் அடிச்ச இடத்தை அவர் குனிஞ்சு பாக்கிறது குறைவாம்.

சிவநேசன் அண்ணை கீறின படங்களை ஆரணி மஞ்சள் அடிச்சாள். ஒரு கிழமை பிள்ளை விரல் நுனியெல்லாம் மஞ்சளோடை, சிரிச்ச முகத்தோடை வந்தாள். எனக்கும் வயித்திலை பால் வார்த்தமாதிரி.

அதுக்குப் பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

வந்தவள் சப்பாத்தைக் கழட்டேல்லை. அப்பிடியே குசினி வாசலிலை நிண்டு சொன்னாள்: ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின்ரை படம். காத்துக் குழாய் போற இடத்திலை ஒரு இரும்பு பீம் நிக்குது. பீம் இருக்கிறது வேற ஒரு தாளிலை, அதை ஒருத்தரும் பக்கத்திலை வைச்சுப் பாக்கேல்லை. நாலு அங்குலம் இடிக்குது. மூண்டுதரம் அளந்து பாத்தவளாம். மற்றதெல்லாம் மஞ்சள். அந்த ஒரு இடம் மட்டும் வெள்ளையாக் கிடக்கு. நாளைக்கு முடிச்சுக் குடுக்கவேணும், வியாழன் மத்தியானம் படம் வெளியாலை போகுது.

"சிவப்பு அடிக்கவா அம்மா?"

இஞ்சைதான் உங்கடை எழுத்தாளர், இந்தப் பக்கத்திலை கிழமைக்குக் கிழமை ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுற மனுசி, வாயைத் திறந்தா.

அவருக்கு இருபது வருசம், உனக்கு நாலு கிழமை எண்டன். அவராலைதானே உனக்கு வேலை எண்டன். அவருக்குத் தெரியாமல் இருக்குமோ, ஏதோ யோசிச்சுத்தான் கீறியிருப்பார் எண்டன். நாலு பேர் பாக்க அவற்றை படத்திலை சிவப்பு அடிச்சால் அந்த மனுசன்ரை முகம் என்ன பாடு படும்? நாளைக்கு ஒரு கலியாண வீட்டிலை கண்டால் நான் என்னெண்டு முகம் குடுத்துக் கதைக்கிறது? அடுத்த கோடைக்கு ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? எல்லாத்தையும் அடுக்கினன்.

"பட் அது பிழை அம்மா. இடிக்குது."

"பெரியாக்களுக்குப் பிழை சொல்லுற வயசே உனக்கு? பேசாமல் மஞ்சளை அடிச்சுக் குடுத்திட்டு உன்ரை பாட்டுக்கு இரு."

அவள் அறைக்குள்ளை போனாள். நான் கத்தரிக்காயைத் தொடர்ந்து வெட்டினன். நல்ல புத்தி சொல்லிப்போட்டன் எண்ட நினைப்பு... ஒரு கால் மணித்தியாலம் இருந்தது.

பிறகு இருப்புக்கொள்ளேல்லை. சோத்தை ரைஸ் குக்கரிலை வைச்சிட்டு ஸ்விச் போட மறந்தன். துடைச்ச அடுப்பைத் திரும்பத் துடைச்சன். மனுசன் என்ன எண்டு கேட்டார், ஒண்டுமில்லை எண்டன்.

புதன் காலமை வேலைக்குப் போனால், பாருங்கோ, முதல் வந்த படமே பிழை. ஒரு குழாயின்ரை வாய் மற்றதோடை பொருந்தாது. பக்கத்து மேசைப் பிலிப்பீனோப் பெண் துவங்கினாள், யார் இதைக் கீறின மடையன் எண்டு. எல்லாரும் என்னைத்தான் பாத்தினம். வழமையா அடுத்த வரி என்ரை. நான் படத்தை மடிச்சு வைச்சன். இதைக் கீறினவனுக்குப் பக்கத்திலையும் ஒரு பிள்ளை மஞ்சள் மார்க்கரோடை இருந்திருக்கும், அதுக்கும் வீட்டிலை ஒரு தாய் இருந்திருப்பாள் எண்டு யோசிச்சன்.

வோஷ்ரூமுக்குப் போய் ஆரணிக்கு ஃபோன் அடிச்சன். எடுக்கேல்லை. பத்து நிமிசத்திலை திரும்ப. எடுக்கேல்லை. மேசைக்கும் கதவுக்கும் நடந்தன். தகரத்தைத் தூக்கினன்... அவ்வளவுதான். ரத்தத்தைக் கண்டாப் பிறகுதான் கையுறை ஞாபகம் வந்தது.

கிளினிக்கிலை கையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கேக்கை அவள் எடுத்தாள். நான் கையைப் பற்றி மூச்சும் விடேல்லை. படம் என்ன மாதிரி எண்டு கேட்டன்.

காலமையே மஞ்சள் அடிச்சு, இனிஷல் வைச்சு, அண்ணையின்ரை மேசையிலை வைச்சிட்டாளாம். "நீங்கள் சொன்னமாதிரி" எண்டாள். குரலிலை ஒண்டும் இல்லை. கோவம்கூட இல்லை.

"பிள்ளை, நான் சொன்னது பிழை. இப்பவே எழும்பிப் போய் அண்ணையிட்டைச் சொல்லு."

அவள் மெல்லமாக் கேட்டாள். "இப்ப என்னெண்டு அம்மா? சரியெண்டு என்ரை பேரை வைச்சிட்டன். நேற்றுச் சொல்லியிருந்தால் அவற்றை பிழை. இப்ப என்ரையும் பிழை."

நான் கிளினிக்கிலை கதிரையிலை சாஞ்சிருந்து கதைக்கிறன். நடக்கவேண்டியது அவள். அவளின்ரை மேசையிலையிருந்து அவற்றை மேசைக்கு மூண்டு கதிரை தூரம்தானாம். அதை நடந்து முடிக்க அரை மணித்தியாலம் எடுத்ததெண்டு பின்னேரம் சொன்னாள். ரெண்டுதரம் எழும்பி ரெண்டுதரம் தண்ணி குடிச்சிட்டு வந்து இருந்தவளாம்.

மூண்டாந்தரம் போனாள். சொன்னாள்.

அண்ணை மற்றத் தாளை எடுத்துப் பக்கத்திலை விரிச்சு வைச்சு அளந்தாராம். திரும்ப அளந்தாராம். காது சிவந்துபோச்சாம். உதை எப்ப கண்டனீர் எண்டு கேட்டாராம். நேற்று எண்டாள். அப்ப ஏன் மஞ்சள் அடிச்சனீர்?

என்ரை அருமை மகள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "அம்மா சொன்னவ."

உண்மை பேசவேணும் எண்டு வளத்தது நான்தான். அதுக்காக இப்பிடியோ!

படம் திருத்தி வியாழக்கிழமை நேரத்துக்குப் போச்சுது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிழையும் வராது. ஆனால் வியாழன் அண்ணை ஆரணிக்கு ஒரு தாளும் குடுக்கேல்லை. வெள்ளியும் இல்லை. காலமை குட்மோர்ணிங், பின்னேரம் பாய். பிள்ளை திரும்பச் சும்மா கதிரையிலை. வெள்ளி பின்னேரம் வந்து கட்டிலிலை குப்புறப் படுத்து அழுதாள். "ஹீ டஸன்ற் ட்ரஸ்ற் மீ, அம்மா. இனி நான் மஞ்சள் அடிச்சால் ஆர் நம்புவினம்?"

ஆருக்கும் பல்லைக் காட்டி நிக்காத, கையெழுத்துக்கு மரியாதை குடுக்கிற ஒரு பிள்ளையை நானல்லோ கெடுத்துப்போட்டன்! என்ரை முகத்தைக் காப்பாத்த அவளின்ரை பேரை வித்திருக்கிறன்.

சனி முழுக்க அந்தரம். ஃபோனை எடுப்பன், அண்ணையின்ரை நம்பரைப் பாப்பன், வைப்பன். மனுசன் பாத்துக்கொண்டிருந்திட்டு, உம்மடை வாயாலை வந்தது, உம்மடை வாயாலைதான் தீரும் எண்டிட்டுப் புல்லு வெட்டப் போயிட்டார்.

ஞாயிறு காலமை அண்ணையே எடுத்தார்.

நான் அவரைக் கதைக்க விடேல்லை. பிள்ளையிலை ஒரு குற்றமும் இல்லை, எல்லாம் நான்தான், அவளுக்குத் திரும்ப வேலை குடுங்கோ எண்டு மூச்சு விடாமல் கொட்டினன். கடைசியிலை சொன்னன்: "உங்கடை மரியாதைக்கு ஒரு குறை வரக்கூடாதெண்டுதான் அண்ணை, அப்பிடிச் சொல்லிப்போட்டன்."

அவர் ஆறுதலாக் கதைச்சார். கோவம் வந்தது உண்மைதானாம். ரெண்டு நாள் அவளின்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் இருந்ததாம், பிழை தன்ரை எண்டதாலை. நாளைக்குப் புதுப் படம் ஒண்டு அவளுக்கு எடுத்து வைச்சிருக்கிறாராம். இனிஷல் வைச்சாப் பிறகு வந்து பிழையெண்டு சொல்லுற ஆக்களை இருபது வருசத்திலை ரெண்டு பேரைத்தான் கண்டவராம்.

நன்றி சொல்ல வாயெடுத்தன்.

"நில்லும் தங்கச்சி. உமக்கு ஒரு கேள்வி. பிழையைச் சொன்ன பிள்ளையின்ரை வேலையைக் கெடுக்கிற ஆள் எண்டே என்னை இவ்வளவு காலமும் நினைச்சிருந்தனீர்?"

யோசிச்சுப் பாருங்கோ... ஆருக்கு முன்னாலை நாங்கள் 'மரியாதை' எண்டு வாயை மூடுறமோ, அந்த ஆளைப் பற்றி எங்கடை மனதுக்குள்ளை என்ன கணிப்பு இருக்குது? ஒரு உண்மையைத் தாங்குவார் எண்ட நம்பிக்கைகூட இல்லை. அதை வைச்சுக்கொண்டு மாம்பழப் பெட்டியும் தூக்கிக்கொண்டு போறம்.

"சீச்சீ... இல்லை அண்ணை" எண்டன்.

அது பொய்யெண்டு ரெண்டு பேருக்கும் தெரியும்.