கார்டுக்கு வருகிற மயக்க டாக்டர்

லாத்தாவுக்குப் பித்தப்பையில் கல். லாத்தா என்றால் என் அக்கா. தாராவியில் எங்கள் சந்திலேயே எதிர் மாடியில் குடியிருக்கிறாள். வலி வந்தால் அவளால் படுக்க முடியாது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். மாதக்கணக்கில் அப்படித் தூங்கியவளிடம் யார் போய்ப் பேசுவது? சாதாரண நாளிலேயே எங்கள் இரண்டு பேருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அவளிடம் அரசாங்கக் காப்பீட்டுக் கார்டு இருந்தது. அதை எடுத்துக்கொள்ளும் நர்ஸிங் ஹோம் ஒன்றைச் செம்பூரில் பிடித்தோம். சர்ஜனும் கார்டுக்குச் சம்மதித்தார். அப்பாடா என்று டீ குடிக்கக் கிளம்பியபோது கவுன்டர்காரர் கூப்பிட்டார். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வெளியிலிருந்து வருகிறவராம், கார்டை எடுக்க மாட்டாராம். அவருக்குத் தனியாகக் கையில் பணம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கார்டுக்கு வருகிற ஒருவரை நீங்களே தேடிக் கூட்டி வாருங்கள் என்று இந்தியில் சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தக் கதை.

"அறுக்கது அரசாங்கப் பொறுப்பு, வலிக்கது மட்டும் எங்க பொறுப்பா?" என்று தமிழிலேயே கத்தினேன். அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற மச்சானுக்குப் புரிந்தது, தலையைக் குனிந்துகொண்டார். லாத்தாவின் கணவர், தோல் பை தைக்கிறவர். நாள் முழுக்க மிஷின் சத்தத்தில் இருப்பதாலோ என்னவோ, சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச மாட்டார்.

மயக்க டாக்டர்களில் பலருக்கு ஒரே ஆஸ்பத்திரி என்று கிடையாது என்பது ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு காலையில் மாஹிம், மதியம் தாதர், சாயங்காலம் செம்பூர் என்று ஓடுகிறார்கள். கார்டுப் பணம் குறைவு, எப்போது வரும் என்பதும் தெரியாது. ஓடுகிறவர்கள் அதற்காக ஏன் நிற்க வேண்டும்? நியாயம் புரிந்தது. ஆனாலும் ஒவ்வொரு போனை வைக்கும்போதும் எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் போல. கடைசியாகப் பேசியவர்தான், மாட்டுங்காவில் ஒரு மேடம் இருக்கிறார், தமிழ்க்காரர், கேட்டுப் பாருங்கள் என்றார்.

போனில் கேட்டால் போனிலேயே முடியாது என்று சொல்லிவிடலாம். அதனால் ரிப்போர்ட்களை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய் நின்றேன். கதவைத் திறந்தவருக்குத் தலை நரைத்திருந்தது, கையெல்லாம் வெண்டைக்காய்ப் பிசுபிசுப்பு. கார்டு என்றதும் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"ஆடற பல் ஏதாவது உண்டா? கொறட்டை விடுவாளா?"

"அவ உக்காந்து தூங்குனாலே சந்தே முழிச்சிரும் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. "வரேன். கார்டுப் பணம் வரச்சே வரட்டும். முந்தின ராத்திரிக்கு மேல ஆகாரம் கூடாது. காலம்பற எழுந்தா தண்ணியும் கூடாது. வயத்துல இருக்கறது மூச்சுக் குழாய்க்குப் போயிடுத்துன்னா உயிருக்கே ஆபத்து. தெரிஞ்சுதா?"

படியிறங்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருவர் 'வரேன்' என்று சொன்னதற்கு.

ஆபரேஷன் அன்று காலையில் சொன்ன நேரத்துக்கு வந்தார். லாத்தா பச்சை அங்கியில் கட்டிலில் இருந்தாள்.

"ஏதாவது சாப்பிட்டேளா?"

"இல்ல."

"தண்ணி?"

"ஒரு சொட்டு தொடல டாக்டர்."

டாக்டர் நகரவில்லை. "தீர்த்தம், ஓதின தண்ணி, அந்த மாதிரி?"

"அது குடிச்சேன். இப்பந்தான், ஒரு கிளாஸ்," என்றாள் லாத்தா. "அது தண்ணி இல்லல்லா?"

மச்சான் கையில் பாட்டில் இருந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓதி வாங்கி வந்திருக்கிறார். "மச்சான், படிச்சுப் படிச்சு சொன்னோமே!" என்று அங்கேயே பாய்ந்தேன். அவர் என்ன செய்வார்? எங்கள் வீடுகளில் தாகத்துக்குக் குடிப்பதுதான் தண்ணீர். ஓதினது மருந்து.

"அவரைத் திட்டாதீங்கோ," என்றார் டாக்டர். "எங்க மனுஷா கோயில் தீர்த்தத்தைக் குடிச்சுட்டு வெறும் வயிறுன்னு சாதிப்பா. அதனாலதான் தனியா கேக்கறேன். ஆனா இப்போ மயக்கம் குடுக்க முடியாது. ரெண்டு மணி நேரமாவது போகணும். எனக்கு தாதர்ல வேற கேஸ் இருக்கு, முடிச்சுட்டு வரேன்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சர்ஜன் மதியம் வரைதான் இருப்பார், அதற்குள் மேடம் வராவிட்டால் வேறு தேதிதான் என்றார் கவுன்டர்காரர். தாதரில் இருப்பது கையில் பணம் தருகிற கேஸ். இங்கே கார்டு. போனவர் திரும்பி வர என்ன இருக்கிறது? லாத்தாவுக்கு வலி ஆரம்பித்து, வழக்கம்போலச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது. இவளை மறுபடி இப்படியே வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதை நினைக்கவே முடியவில்லை. மச்சான் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கமே திரும்பவில்லை.

சர்ஜன் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்த நேரத்தில் டாக்டர் வந்து சேர்ந்தார். முகமெல்லாம் வேர்வை. மச்சானைத்தான் முதலில் பார்த்தார். "அப்புறம் எதுவும் குடுக்கலையே?"

மச்சான் பலமாகத் தலையை ஆட்டி இல்லை என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெளியே வந்த டாக்டர், அவள் நன்றாக மூச்சு விடுகிறாள், கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாள் என்றார். பிறகு மச்சானிடம், "அந்த பாட்டில் இருக்கா?" என்று கேட்டார். மச்சான் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஒளிக்க வேண்டாம். இப்போ குடுக்கப்படாது. சாயங்காலம் நர்ஸ்கிட்ட கேட்டுண்டு நான் போன் பண்றேன். மொதல் வாய் அதுவே இருக்கட்டும்."

சொன்னபடி சாயங்காலம் போன் வந்தது. மச்சான் பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி லாத்தாவின் வாயருகே கொண்டுபோனார். பாதி கழுத்தில் சிந்தியது.

"பாத்து ஊத்துங்க. உசிரோடதான இருக்கேன்," என்றாள் லாத்தா.

மச்சான் பாட்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் லாத்தா தூங்கியிருந்தாள், படுத்தபடி. வார்டே அதிர்கிற மாதிரிக் குறட்டை. பக்கத்துக் கட்டில்காரி என்னை முறைத்தாள். முறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.