பெட்டி பிரிக்காத மெஷின்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஓர் அச்சகத்தில் நானும் அவளும் எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் தமிழ் டைப் அடித்தோம். கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், தேர்தல் நோட்டீஸ், ஸ்கொலர்ஷிப் மாதிரி வினாத்தாள், எல்லாம் எங்கள் விரல் வழியாகத்தான் வெளியே போகும். எங்கள் விரல் என்று சொல்வது என் மரியாதைக்காக. முக்கால்வாசி வேலை அவளுடையது.

இரண்டு பேருக்கும் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டம். என் அப்பா அங்கே கண்டாக்கு, மலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து மேற்பார்க்கிற உத்தியோகத்தர். அவள் அம்மா கொழுந்து எடுக்கிறவர். நாங்கள் இருந்தது குவாட்டர்ஸ், அவர்கள் இருந்தது ஒற்றை அறை வரிசை வீடான லயம். விடியக்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் என் அப்பாவுக்கு முன்னால் நின்று பேர் கொடுத்தவரின் மகள், அச்சகத்தில் எனக்கு மேலே. நான் அடித்ததை அவள்தான் பிழை பார்ப்பாள். பிழையும் இருக்கும். எனக்கு வயிறு எரிந்தது அதனால்தான்.

சின்ன வயதில் என் அக்கா போட்டுக் கழித்த சட்டைகளை அம்மா அவர்கள் வீட்டுக்குக் கொடுப்பார். ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள், வகுப்பே கேட்கும்படி, "அது எங்க அக்கா கவுனு" என்று சொன்னவன் நான். அதற்குப் பிறகு அடுத்தவர் கழித்த எதையும் அவள் கை நீட்டி வாங்கியதில்லை. பஸ்ஸில் யாராவது படித்துவிட்டுத் தரும் பேப்பரைக்கூட வாங்கமாட்டாள். இதை விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நடந்தது தெரியாமல் நடந்தது என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் அவள் வேலையை விடப்போவதாகச் சொன்னாள். அக்கரப்பத்தனைக் கடைவீதியில் ஓர் அறை பிடித்திருந்தாள், சொந்தமாக அச்சகம் போட. மெஷின் ஒன்றுதான் குறை. முதலாளி, சட்டப்படி அவளுக்குச் சேரவேண்டிய பணத்துக்குப் பதிலாக ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுபோகச் சொன்னார். கடையில் அப்போது இரண்டு இருந்தன. ஒன்று அவள் ஒரு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தது. மற்றது, என் மேசையில் இருந்தது பழுதாகிப்போனதால், எனக்கென்று கொழும்பிலிருந்து அந்த வாரம்தான் வந்து, பெட்டி பிரிக்காமல் மூலையில் கிடந்தது. ஒரே அமெரிக்கக் கம்பெனி, ஒரே வெள்ளை நிறம், ஒரே உருவம்.

பெட்டி வந்த மறுநாள், முதலாளி பேங்குக்குப் போயிருந்த நேரம், மெஷினை விற்ற கொழும்புக் கடையின் டெக்னீஷியன் போன் எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "தம்பி, வெளியில பாத்தா ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் இருக்கும். உள்ளுக்கு சிப் வேற. கம்பெனி பழைய சிப்பை விட்டிட்டு வேற சாதிக்கு மாறிட்டுது. உங்கட அந்தப் பழைய தமிழ் புரோகிராம் இதில திறக்கவே திறக்காது. தமிழ் அடிக்கிற ஆளிட்டக் கட்டாயம் சொல்லி விடுங்கோ. வேணாமெண்டால் பெட்டி பிரிக்க முன்னம் திருப்பி அனுப்புங்கோ."

"சரிங்க, சொல்லிர்றேன்" என்றேன். போனை வைத்தேன். சொல்லவில்லை.

அன்று பின்நேரம் முதலாளி அவளைக் கூப்பிட்டு, கைபட்ட மெஷினையே கொண்டுபோகச் சொன்னார்.

"பழசு வேணாங்க மொதலாளி. குடுக்கிறதா இருந்தா புதுசு குடுங்க."

அவர் முகம் சுருங்கிப்போனது. என்னைப் பார்த்தார். அந்த மெஷின் எனக்காக வந்ததாயிற்றே.

"குடுத்துருங்க மொதலாளி. எட்டு வருசம் உழைச்சிருக்கா. நான் பழசுல அடிச்சிக்கிறேன்" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. கீழே தேநீர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் எனக்கு ரோல்ஸும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்தாள். "நீ இப்படிப் பேசுவேன்னு நான் நெனைக்கவே இல்ல. உன்னத் தப்பா நெனச்சிருந்தேன்" என்றாள். பிறகு, "நம்ம பைல் எல்லாம் அதுல ஓடுமில்ல?" என்று கேட்டாள்.

"ஒரே கம்பெனிதானே. ஓடும்."

ரோல்ஸ் சூடாக இருந்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

கொண்டுபோகுமுன் பிரித்துப் பார்க்கச் சொன்னார் முதலாளி. அவள் மறுத்துவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவை தன் பேருக்கு வருகிற புதுப் பொருள், கடையில் சாமி கும்பிட்டு நல்ல நேரத்தில்தான் பிரிப்பாளாம். எனக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று.

திறப்பு விழாவுக்குப் போனேன். என்ன முகம் வைத்துக்கொள்வது என்பதை பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு கதம்பச் சரம். முதல் வேலையாகத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா நோட்டீஸ் வந்திருந்தது. கோயில் கமிட்டித் தலைவர் கையெழுத்துப் பிரதியை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். லயத்துச் சனம் வாசல்வரை நின்றது. அவள் அம்மா முன்வரிசையில், புதுச் சேலை.

கற்பூரம் காட்டி, பெட்டியைப் பிரித்து, மெஷினைப் போட்டாள். திரை பளிச்சென்று வந்ததும் கைதட்டினார்கள். எட்டு வருட வேலையும் புரோகிராமும் இருந்த சீடியை உள்ளே தள்ளினாள். புரோகிராம் திறக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. போன வருடத்து நோட்டீஸைத் திறந்தாள், தமிழ் இருந்த இடமெல்லாம் கொம்பும் புள்ளியும் ஆங்கில எழுத்துமாய்க் கிடந்தது.

"என்னம்மா, அம்மன் பேரு இங்கிலீசுல வருது?" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"கொஞ்சம் பாரேன்" என்று என்னிடம் சொன்னாள். உட்கார்ந்து அரை மணி நேரம் அதையும் இதையும் தட்டினேன். பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை வேறு வார்த்தையில் சொன்னால் பொய்.

தலைவர் நல்ல மனுசர். தட்டிலிருந்து காகிதத்தை மெதுவாக எடுத்து மடித்தார். "அவசரம்ல, ஹட்டன்லயே குடுத்துக்கிறோம்மா. அடுத்த வருசம் ஒனக்குத்தான்." மூன்றாம் நாள் அந்த நோட்டீஸை நான் அடித்துக் கொடுத்தேன், அவள் விட்டுப்போன மெஷினில்.

பத்து நாள் கழித்து மெஷினைப் பெட்டியில் போட்டு, மேலே உரச்சாக்கு சுற்றி, பஸ்ஸில் கொண்டுவந்தாள். பழசையே தரும்படி கேட்டாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதும் முதலாளிக்கே சங்கடமாகிவிட்டது. புது மெஷினுக்கு ஏற்ற புரோகிராமும் தமிழ் எழுத்துருவும் வாங்க அவளிடம் வழியில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"எனக்கு இதெல்லாம் வெளங்காது. நீ சொல்லு, மாத்திக் குடுப்போமா?" என்று என்னிடம் கேட்டார்.

அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். கெஞ்சுகிற பார்வையாக எனக்குத் தெரியவில்லை. ஏதோ காத்திருக்கிற மாதிரி இருந்தது.

"அவளாத்தானே கேட்டு வாங்குனா மொதலாளி. பெட்டியையும் பிரிச்சாச்சு. பழசைக் குடுத்துட்டா நம்ம கட வேலைய எதுல செய்யிறது?"

முதலாளி தலையை ஆட்டினார். முடிந்தது.

பெட்டி கனம் என்பதால் பஸ்வரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் வைத்துவிட்டு இறங்கப் போனபோது அவள் பேசினாள், குரலை உயர்த்தாமல்.

"முந்தாநாள் கொழும்புக்குப் போன் எடுத்தேன். உங்கிட்ட அப்பவே சொன்னாராம்."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மொதலாளிகிட்டச் சொல்லத்தான் வந்தேன். ஒன்னப் பாத்ததும், நீயாச் சொல்றியான்னு பாப்போம்னு இருந்தேன்."

கண்டக்டர் விசில் அடித்தான். இறங்கிவிட்டேன். வெட்கம் வந்தது என்று எழுத ஆசைதான். எனக்கு வந்தது பயம். இறங்கி வந்து முதலாளியிடம் சொல்லிவிடுவாளோ என்று, பஸ் மல்லியப்பூச் சந்தி பக்கம் திரும்பி மறையும்வரை அங்கேயே நனைந்தபடி நின்றேன்.

அவள் கடை சித்திரைக்கு முன் மூடப்பட்டது. முதலாளியிடம் அவள் கடைசிவரை சொல்லவில்லை. நான் அவள் நாற்காலியில் இன்னும் ஒன்பது வருடம் வேலை செய்தேன்.